செலின் அத்தை ஓய்வில் இருக்கவில்லை

அன்று மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். அருவங்காட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் காலையிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிய நேரம் இருக்கும்போதே அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவர் உள்ளே வரவில்லை. ரெயின்கோட்டோடு வாசல்படியில் நின்றபடி, "ஜெனி, பின்னாடி ரூம் ஜன்னலைச் சாத்திட்டியா? அத்தையோட கட்டில் நனைஞ்சுரும்" என்றார். சாத்திவிட்டேன் என்றேன். ரெயின்கோட் பொத்தானைக் கழற்றப் போய், மறுபடி மாட்டினார். "இனி நனைஞ்சாலும் ஒண்ணுமில்லை கண்ணு" என்றார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா அவருடைய ஆலைக்குப் போன் செய்ததை அதற்குப் பிறகுதான் சொன்னார். செலின் அத்தை இறந்த செய்தி எனக்கு இப்படி வந்தது.

அத்தையோடு பெங்களூரு வானியல் ஆய்வு நிலையத்தில் வேலை செய்தவர்கள் நீங்கள். அவருக்காக நீங்கள் நடத்தப்போகும் கூட்டத்தில் வாசிக்க வீட்டிலிருந்து யாராவது எழுதித் தர முடியுமா என்று உங்கள் வித்யா மேடம் முதலில் அப்பாவிடம்தான் கேட்டார். "எழுத என்னங்க இருக்குது? கடைசி ரெண்டு வருஷம் எங்கூட்டுல ரெஸ்ட்டுல இருந்தாங்க. அவ்வளவுதானுங்க" என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் அவருக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன். பக்கத்து அறையில் தூங்குகிறார். அவர் இருமினால் பேனாவை வைத்துவிடுகிறேன். இருமல் நின்றதும் எடுக்கிறேன்.

அடக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் அப்பா ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். "எங்கக்காளைக் கடைசி வரைக்கும் ஒரு வேலையும் செய்ய உடலீங்க. நல்லா ரெஸ்ட்டு குடுத்தோம். அதொண்ணுதான் மனசுக்கு ஆறுதல்." முப்பதாம் நாள் திருப்பலி முடிந்ததும் கொடுக்கும் நினைவு அட்டையிலும் அதையே எழுதியிருக்கிறார். 'இரண்டு ஆண்டு முழு ஓய்வுக்குப் பின் இறைவனில் இளைப்பாறினார்' என்று அத்தையின் படத்துக்குக் கீழே இருக்கிறது. அச்சகத்திலிருந்து வந்த மாதிரி அட்டை இப்போது என் முன்னால் கிடக்கிறது. "காலைல ஸ்கூலுக்குப் போறப்போ குன்னூர்ல குடுத்துரு. பிழை கிழை இருந்தா பாத்துத் திருத்திக் குடு" என்று என்னிடம் தந்தார்.

பிழை இருக்கிறது. அதைத் திருத்தினால் அப்பாவின் ஆறுதலையும் எடுத்துவிடுவேன். எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தன. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். போய்வந்த நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். தண்ணீர்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். நான் டீ குடித்தால் டம்ளரை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசனை பிடித்துவிட்டுத் திருப்பித் தருவார். அப்பாவுக்கு அவர் அக்கா மட்டுமல்ல. அம்மா இல்லாத வீட்டில் அப்பாவுக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியவரும் அவர்தான். ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அப்பா கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். வந்த ஒரு மாதத்தில் வீட்டு இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்.

"என்றா பீட்டரு, நெட்டைக் காணோம்?"

"நாந்தான் நிறுத்திட்டேன்க்கா. அது இருந்தா நீ ராவும் பகலும் அந்தப் பொட்டியைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பே."

"வானத்தைப் பாக்கறதும் ஒரு ரெஸ்ட்டுதான்டா."

"வானத்தைப் பாக்கோணும்னா ஜன்னலைத் தொறந்து பாரு. நெட்டு எதுக்கு?"

அத்தை சிரித்துவிட்டார். மறுநாள் நான் பள்ளிவிட்டு வந்ததும் கூப்பிட்டார். "ஏ மருமகளே, உன்ற கண்ணு நல்லாத் தெரியுதா? கண்ணாடி கிண்ணாடி வேண்டியதில்லையே?"

"நல்லாத் தெரியுதுங்கத்தை."

"அப்போ அந்தக் கண்ணைக் கொஞ்சம் இரவல் குடு. உன்ற போனையும் குடு. என்ற பட்டன் போன்ல நெட்டு வராது."

என் கைபேசியில் தினமும் கிடைக்கும் டேட்டாவை அவருடைய மடிக்கணினிக்குக் கொடுத்தேன். நான் பள்ளிவிட்டு வருவதற்கும் அப்பா ஷிப்ட் முடிந்து வருவதற்கும் இடையில் இருந்த நேரம்தான் எங்கள் நேரம். கறுப்புத் திரையில் சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு உருண்டை தெரியும். அது ஒரு விண்மீன் திரள் என்று மட்டும் அத்தை சொல்லியிருந்தார். வெளிச்சம் நடுவிலிருந்து ஒரே சீராகப் பரவியிருந்தால் ஒரு தாளில் 'ப' என்று எழுத வேண்டும். திட்டுத்திட்டாக இருந்தால் 'தி'. சொல்ல முடியாவிட்டால் 'தெரியவில்லை'. அத்தை ஏற்கெனவே தன் முடிவைத் தனியாகக் குறித்து வைத்திருந்தார். அதை எனக்குக் காட்ட மாட்டார்.

"எது வந்தா நல்லதுங்கத்தை?" என்று முதல் நாளே கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா எனக்குப் பிடிச்சதைத்தான் நீ பார்ப்பே. நல்ல புள்ளைங்க கண்ணு அப்படித்தான் கெட்டுப்போகுது."

கடைசிப் படம் வரை சொல்லவே இல்லை. அத்தை எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதை இங்கே எழுத வேண்டும். கற்காத கண்தான் அவருக்குத் தேவையாக இருந்தது. பல மாதங்கள் நான் எதைப் பார்க்கிறேன் என்று தெரியாமலேயே பார்த்தேன். சில நாள் சலிப்பாகவும் இருந்தது. சலித்துப்போய் ஒரு திரளுக்கு வர்க்கி என்று பெயர் வைத்தேன். ஊட்டி வர்க்கி பிஸ்கட்டைப் பிய்த்தால் ஓரம் எப்படிப் பிசிறு பிசிறாக இருக்குமோ அப்படி இருந்தது அது. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்டித்தார். "நம்பர் போதும். பேர் வெச்சா பாசம் வந்துரும். பாசம் வந்துட்டா கண்ணு பொய் சொல்லும்."

அவர் என்னிடம் கோபப்பட்டது ஒரே ஒரு முறை. 'ப' என்று எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டு 'தி' என்று எழுதினேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அழிக்காதே! ஒரே கோடு போட்டு அடி. அடியில இருக்கறது படிக்கற மாதிரி இருக்கோணும். பக்கத்துல உன்ற பேரைப் போடு. முதல்ல நீ என்ன நினைச்சே, அப்புறம் என்ன நினைச்சே, ரெண்டும் தெரியோணும். அழிச்சுட்டா நீ ஒருக்காலும் தப்பே பண்ணாதவ மாதிரி ஆயிரும். அது பெரிய பொய்."

இது உங்களுக்குத் தெரிந்த பழக்கமாகத்தான் இருக்கும். வித்யா மேடம் பிறகு எனக்கு ஒன்று சொன்னார். பல வருடங்களுக்கு முன்பு ஒரு திரளில் புதிய விண்மீன்கள் பிறந்திருக்கின்றன என்று அத்தை ஒரு கூட்டத்தில் சொன்னாராம். எல்லோரும் பாராட்டினார்களாம். அடுத்த வருடம் அதே கூட்டத்துக்குப் போய், அந்த வரியைத் திரையில் காட்டி, அதன் மேல் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் 'செலின்' என்று எழுதினாராம். அவர் பார்த்தது பழைய விண்மீன்களின் வெளிச்சம். அந்த விஷயத்தில் அத்தையை யாரோ அவமானப்படுத்திவிட்டார்கள் என்றுதான் அப்பா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

படங்கள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் அத்தை எனக்கு விஷயத்தைச் சொன்னார். உறைபனி விழத் தொடங்கியிருந்த மாதம் அது. நாங்கள் பார்த்த திரள்கள் அத்தனையும் அணைந்துபோனவை என்று எழுதிவைக்கப்பட்டவை. நீலமாக எரியும் பெரிய விண்மீன்கள் சீக்கிரம் செத்துப்போகும். சிவந்த சிறியவை நெடுங்காலம் இருக்கும். ஒரு திரள் முழுவதும் சிவப்பாகவே தெரிந்தால், அங்கே புதிதாக எதுவும் பிறந்து வெகுகாலம் ஆகிவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பழைய விண்மீன்களின் கூட்டம் மிகப் பெரியது. அதற்குள் நேற்றுப் பிறந்த சில இருந்தாலும் தெரியாது. செயற்கைக்கோளிலிருந்து புறஊதாவில் பார்த்தால் பழையவற்றில் பெரும்பாலானவை மங்கிவிடும். புதியவை மேலே வரும்.

"அப்போ புறஊதாவுல வெளிச்சம் தெரிஞ்சா புதுசுங்களா?" என்று கேட்டேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சு மாட்டிக்கிட்டேன்" என்றார். வயதான விண்மீன்களில் சில தங்கள் மேல்தோலை உதிர்த்துவிடுமாம். உள்ளே இருக்கும் கொதிக்கும் நடுப்பகுதி வெளியே தெரியும். அதுவும் புறஊதாவில் ஒளிரும். ஆனால் அந்த வெளிச்சம் பழைய கூட்டம் எங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே, நடுவில் அடர்ந்து ஓரத்தில் குறைந்து, சீராகப் பரவியிருக்கும். புதியவை அப்படி இருக்காது. வெளியிலிருந்து ஒரு சின்னத் திரள் வந்து விழுந்து, அதன் வாயு எங்கே தங்கியதோ அங்கே திட்டாகவோ வளையமாகவோ பிறக்கும். பரவலா திட்டா என்று என்னைக் கேட்டதன் காரணம் அது. அதுவும் முடிவான சாட்சி அல்ல. பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் வேறொரு திரள்கூட முன்னால் இருப்பதன் திட்டுப் போலத் தெரியலாம். வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அன்று அவர் சொன்ன ஒன்றை அப்படியே எழுதுகிறேன். "அணைஞ்சு போச்சுன்னு சொல்றதுக்கு முந்தி, எந்த வெளிச்சத்துல பாத்தேன்னு சொல்லோணும்."

நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவரும் பங்குத் தந்தையிடமும் ஒருநாள் இதைச் சொன்னார். அவர் நெகிழ்ந்துபோய், "நம்ம வாழ்க்கையும் அப்படித்தானம்மா. வெளியில அணைஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ளே..." என்று தொடங்கினார். அத்தை பாதியிலேயே, "இல்லீங்க ஃபாதர். அது வாயு. நாம மனுசங்க. அதுக்கு நம்மளைத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். ஃபாதர் சிரித்தபடி சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போனார். அதனால் நானும் அந்த உவமையைச் சொல்லப்போவதில்லை.

எங்கள் ரகசியம் அம்மாவுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை, எங்களிடமும் கேட்கவில்லை. மடிக்கணினியின் சார்ஜரை மட்டும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் மாற்றி வைத்தார். சில நாள் சாலையில் காட்டெருமைகள் நின்றுகொண்டு வழிவிடாமல் அப்பா தாமதமாக வருவார். எங்களுக்கு இன்னும் இரண்டு படம் கூடுதலாகக் கிடைக்கும். கட்டுரை எழுதினால் நன்றி சொல்லும் இடத்தில் காட்டெருமைகளையும் சேர்க்க வேண்டும் என்று அத்தை சொன்னார். சேர்த்திருக்கிறாரா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். ஸ்கூட்டர் வாசலுக்கே வந்த பிறகுதான் எங்களுக்குக் கேட்டது. அத்தை மடிக்கணினியை மூடிப் போர்வைக்குள் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அறிவியல் புத்தகத்தை விரித்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். பூனை மாதிரி உள்ளே வந்தார். "பாரு, கண்ணாடியோடயே தூங்கிட்டா" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லி, அத்தையின் மூக்குக் கண்ணாடியை இரண்டு கையாலும் கழற்றி, தன் சட்டை நுனியில் துடைத்து, ஜன்னல் திண்டில் வைத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். சத்தமில்லாமல் போனார்.

அம்மா பின்னாலேயே வந்து, "அத்தையும் மருமகளும் நல்லா நடிக்கறீங்க. தூங்கற ஆளு கால்விரலை ஆட்டிட்டு இருக்குது" என்றார். நான் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. கண்ணைத் திறக்காமலேயே, "அவனை ஏமாத்தறது எனக்குப் பிடிக்கலை ஜெனி. இது முடியட்டும். நானே உக்கார வெச்சுச் சொல்றேன்" என்றார்.

பட்டியலைச் சரிபார்த்து அனுப்பி முடிக்கவே மழைக்காலம் வந்துவிட்டது. சொல்ல நேரம் கிடைக்கவில்லை. காய்ச்சல் வந்து, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோன பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை.

அடக்கம் முடிந்த வாரம் வித்யா மேடம் அத்தையின் போனுக்கு மறுபடி கூப்பிட்டார். அது என்னிடம்தான் இருந்தது. "செலின் அனுப்பின பட்டியல்ல எல்லாத் திரளுக்கும் ரெண்டு பேர் குறிச்சிருக்காங்க. ஒண்ணு செலின். இன்னொண்ணு ஜெனின்னு இருக்கு. அவங்களைத் தெரியுமா? எந்த நிலையத்துல இருக்காங்க?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க. ப்ளஸ் ஒன் படிக்கறேன்" என்றேன்.

"அப்போ நீதான் எழுதணும்மா" என்றார் வித்யா மேடம்.

கிட்டத்தட்ட எல்லாத் திரளிலும் நாங்கள் இருவரும் ஒன்றையே குறித்திருந்தோம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். வர்க்கியில் மட்டும் மாறியிருந்தது. அத்தை 'ப', நான் 'தி'. அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. என்னை மாற்றச் சொல்லவில்லை, தன்னுடையதையும் மாற்றவில்லை. இரண்டையும் அப்படியே அனுப்பி, அந்த ஒரு திரளின் வெளிச்சத்தை நிறம் பிரித்துப் பார்க்கத் தொலைநோக்கியில் நேரம் கேட்டிருக்கிறார். மழைக்காலம் முடிந்த பிறகு பார்ப்பார்களாம். முடிவு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நான் பார்த்தது சரி என்று வந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அத்தையின் 'ப'வை அழித்துவிடாதீர்கள். ஒரே கோடு போட்டு அடியுங்கள். நான் பார்த்தது தவறு என்றால் என்னுடையதையும் அப்படியே செய்யுங்கள்.

அந்த வேலையால் அத்தையின் உடம்பு இன்னும் கெட்டதா என்பதும் எனக்குத் தெரியாது. அப்பா கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். என் போன் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. இப்போது தண்ணீர் குடிக்க எழுந்துவந்த அம்மா நான் எழுதுவதைப் பார்த்துவிட்டார். நின்றபடியே படித்தார். "உங்கத்தைக்கு அந்தப் படம் பாத்த நாள்லதான் ரெண்டு வாய் சோறு எறங்குச்சு. மத்த நாள் தட்டு அப்படியே வரும். அதையும் எழுது. உங்கப்பனும் படிக்கட்டும்" என்றார். விளக்கை என் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அச்சகத்து அண்ணனிடம் நானே வரியை மாற்றிக் கொடுத்துவிடலாம். அட்டை அச்சான பிறகு, அவர்கள் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லலாம். சாயங்காலம் முழுவதும் அந்த யோசனையில்தான் இருந்தேன். அது ரப்பரால் அழிப்பது போன்ற வேலை.

அதனால் இப்படிச் செய்திருக்கிறேன். 'இரண்டு ஆண்டு முழு ஓய்வுக்குப் பின்' என்ற சொற்களின் மேல் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறேன். மேலே 'இறுதிவரை விண்மீன் திரள்களை ஆராய்ந்து' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஜெனி என்று போட்டிருக்கிறேன். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன் அப்பா எழுந்து முகம் கழுவிவிட்டு டீ குடிக்க உட்காரும் இடத்தில், அவருடைய டம்ளருக்கு அடியில், அந்த அட்டையையும் இந்தத் தாள்களையும் வைக்கப்போகிறேன். அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அவர் வேண்டாம் என்றால் என் வரியையும் ஒரே கோடு போட்டு அடிக்கட்டும். அதற்குப் பிறகுதான் இது உங்களுக்கு வரும்.

செலின் அத்தையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கோடு ஒன்றுதான். விளக்கடியில் அட்டையைப் பிடித்துப் பார்க்கிறேன். கோட்டுக்கு அடியில் அப்பா எழுதியது அப்படியே வாசிக்க வருகிறது. அக்காவுக்கு ஓய்வு கொடுக்க அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று இந்த அட்டையைப் பார்க்கிற யாருக்கும் தெரியும்.